கவிழ்த்துப் பார்த்த படகு

ஸ்ரீரங்கம், மேலூர்

அன்பு மகள் யமுனாவுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் அப்பாவும் உசுரோட, ஒடம்புல ஒரு கீறல்கூட இல்லாம இருக்கோம். அங்க சிங்கப்பூர்ல நீயும் நல்ல சாப்பாடும் தூக்கமுமா இருக்கணும்னு ரெங்கநாதரை வேண்டிக்கிறேன். உசுரோடன்னு எழுதிட்டேன்னு பதறாத, முழுசா படி. போன்ல சொன்னா பாதியிலயே அழுதுடுவேன், அதான் எதிர்வீட்டு மைதிலி அங்க வர்றப்ப நார்த்தங்கா ஊறுகாயோட இதையும் குடுத்து விடுறேன்.

பொங்கல் லீவுல நீ வந்தப்ப கொள்ளிடத்துத் திட்டுல இருக்கற நம்ம வாழைத் தோட்டத்துக்கு அமிர்தராஜோட ஃபைபர் படகுலதான போனோம். திரும்பி வந்ததும் நீ கப்பல்ல பாக்கற வேலைய இங்கயும் விடாம படகைக் கரையேத்திக் கவுத்துப் போடச் சொல்லி, சின்னச் சுத்தியல் ஒண்ண வச்சு அடிப்பக்கம் பூரா தட்டிக்கிட்டே வந்த. ஒரு எடத்துல மட்டும் சத்தம் மந்தமா கேக்குது, உள்ள ஃபைபர் தண்ணியில ஊறிப் போச்சுன்ன. அமிர்தராஜுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. ஒரு சொட்டுகூட ஒழுகலையே பாப்பா, எதுக்குக் கை வைக்கணும்னாரு. ஒழுகறப்ப நீங்க நடு ஆத்துல இருப்பீங்க மாமான்னு நீ சொன்ன. முணுமுணுத்துக்கிட்டேதான் ஊறுன எடத்த அறுத்து எடுத்துட்டுப் புதுசா ஒட்டுனாரு. அதோட முடிஞ்சுதுன்னு நாங்க நெனச்சோம், நீ விடல. இன்னைக்கு நல்லா இருக்கறது ஆடியில நல்லா இருக்கும்னு சொல்ல முடியாது, மாசாமாசம் கவுத்துப் பாருங்கன்னுட்டுப் போன. அங்கேர்ந்தும் போன் பண்ணிப் பாத்தாச்சா பாத்தாச்சான்னு கேப்பியாமே, அவரு சம்சாரம் பேட்ரிசியா சொல்லிச் சிரிச்சா. உன் தொந்தரவுக்காகவே கவுத்துப் பாத்துக்கிட்டிருந்தவரு, ஆனிக் கடைசியில பாத்தா ஒட்டுப் போட்ட ஓரம் நகம் நொழையற அளவுக்குப் பிரிஞ்சிருக்கு. பயந்து போயி அதைச் சுரண்டிக் காயவச்சு, இன்னும் அகலமா ஒட்டியிருக்காரு.

போன வாரம் மேட்டூர் நெரம்பி, கொள்ளிடத்துல தண்ணி வருதுன்னு ஆட்டோவுல மைக் வச்சுச் சொல்லிட்டுப் போனாங்க. சாயங்காலந்தான் வரும், அதுக்குள்ள தோட்டத்துக்குத் தண்ணி எறைக்கற மோட்டாரைக் கழட்டிக் கொண்டாந்துடலாம்னு அப்பா கெளம்பினாரு. தனியா விட மனசில்லாம நானும் அமிர்தராஜ் படகுல கூடப் போனேன். மோட்டாரைக் கழட்டி முடிக்கறதுக்குள்ள தண்ணி ஏறறது தெரிஞ்சுது, அதை அங்கயே விட்டுட்டுப் படகுக்கு ஓடி வந்தோம். திட்டுல வாழைத்தார் வெட்டிக்கிட்டிருந்த மகாலட்சுமியும் அவ புருஷனும் எங்களோடயே ஏறிக்கிட்டாங்க. பாதி ஆறு தாண்டல, தண்ணி செம்மண்ணா சொழிச்சுக்கிட்டு வந்துடுச்சு. அடியில ஒரு பெரிய மரம் உருண்டு வந்தது யார் கண்ணுக்கும் தெரியல. படகு அப்படியே தூக்கிப் போட்டுச்சு, அடியில பல்லக் கடிக்கற மாதிரி ஒரு சத்தம். மகாலட்சுமி என் கையப் புடிச்சுக்கிட்டா. அப்பா குனிஞ்சு உள்பக்கம் பூரா கையால தடவித் தடவிப் பாத்தாரு. ஈரமில்ல வள்ளின்னாரு, அது ஒண்ணுதான் சொன்னாரு.

கரைக்கு வந்ததும் அமிர்தராஜ் எங்களையெல்லாம் எறக்கிவிட்டுப் படகைக் கவுத்தாரு. நீ தட்டிக் காட்டுன எடத்து மேலயே முழம் நீளத்துக்கு ஆழமா கீறியிருந்துச்சு, ஆனா ஒடையல. அதத் தடவிக்கிட்டே மண்ணுல உக்காந்துட்டாரு. அக்கா, அந்தப் பழைய அடியா இருந்தா நம்ம அஞ்சு பேரையும் இந்நேரம் தேடிக்கிட்டிருப்பாங்கன்னாரு. மோட்டார் ஆத்தோட போச்சு, வாழையும் போச்சு. போனா போகுது. உனக்கு என்ன வேலைன்னு யாராவது கேட்டா அப்பா கப்பல் கம்பெனின்னு மட்டும் சொல்லுவாருல்ல, இப்ப டீக்கடையில நின்னு, என் பொண்ணு கப்பலுக்கு அடிவயித்தத் தட்டி நோவு கண்டுபுடிக்கறவளாக்கும்னு நிறுத்தி நிதானமா சொல்றாரு. கேட்டுக்கிட்டிருந்தவங்கள்ல ரெண்டு பேரு போயி அவங்க படகையும் கவுத்துத் தட்டிப் பாத்துட்டாங்க.

பத்தாம் வகுப்புலேர்ந்து நீ கப்பல் கப்பல்னு நின்னப்ப, பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னு சொன்ன வாய்ங்க எத்தனையோ. நீ அதைக் காதுல வாங்காததுக்குச் சாமிக்குத்தான் நன்றி சொல்லணும். நீ தட்டிப் பாக்கற ஒவ்வொரு கப்பல்லயும் யாரோ ஒருத்தியோட புருஷன் போறான், யாரோ ஒருத்தியோட புள்ள போறான். அவங்க ஊரு போய்ச் சேந்தா, தட்டிப் பாத்தது யாருன்னு அந்தப் பொம்பளைங்களுக்குத் தெரியப் போறதில்ல. எனக்குத் தெரிஞ்சுடுச்சு. அவங்களுக்கும் சேத்து நான் சொல்றேன், நீ நல்லா இருக்கணும் கண்ணு.

சமயபுரத்தா உனக்குத் தொணையா இருக்கட்டும், கைக்கும் கண்ணுக்கும் ஒரு கொறையும் வராம நூறு வயசு இருக்கணும். உசரத்துல ஏறறப்ப இடுப்புப் பெல்ட்டு மாட்டாம ஏறாத. ஊறுகாயில ஈரக் கரண்டி போடாத.

அன்புடன்
உன் அம்மா
வள்ளிக்கண்ணு தாயுமானவன்