மாதவி யார் என்று கேட்டது

ஜூன் 3, செவ்வாய்
விடிந்ததில் இருந்து மழை. பிரஷர் கிளினிக். மகள் ராணி லீவு போட்டுக் கூட்டிப் போனாள். வழியில் பஸ் போர்டு, மருந்துக்கடைப் பெயர் எல்லாம் வாசித்தேன். ஆறு மாதத்துக்கு முன், எழுத்து வகுப்பில் சேருமுன், எல்லாம் வெறும் கோடு. எழுபத்து மூன்று வயதில் இப்படி ஒரு சந்தோஷம்.

காத்திருந்த இடத்தில் ஒரு துண்டுத்தாள். எனக்குச் சத்தம் போட்டுத்தான் வாசிக்க வரும். மா, த, வி. ஆள் பெயர் என்று நினைத்தேன். மாதவி யார் என்று ராணியைக் கேட்டேன். எதிரே இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு அம்மா நர்ஸிடம், "ஐயா மாதவியைத் தேடி வந்திருக்கிறார், உள்ளுக்கு விடுங்கோ" என்றார். பிறகுதான் அடுத்த எழுத்துகளைப் பார்த்தேன். 'மாதவிடாய் நிற்கும் காலம்'. ராணி தலையே தூக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மெதுவாகச் சொன்னாள்: "அம்பது வயசு கிட்ட பொம்பளைங்களுக்கு வர்றதுப்பா. அதோட விடுங்க."
விடவில்லை. தாள் என் சட்டைப் பையில்.

ஜூன் 5, வியாழன்
வெயில். துணி காய்ந்தது. முழங்கால் வலி.
தாளைப் பார்த்து எழுதியது:
திடீரென உடல் சூடு, வியர்வை
நித்திரையின்மை (மூன்று தரம் வாசித்தேன்)
நெஞ்சு படபடப்பு
எரிச்சல், அழுகை
மறதி
எல்லா வரியிலும் பா. (பாக்கியம், என் மனைவி. சுருக்கி எழுதினால் கை வலிக்காது.)

அவளுக்கு அப்போது நாற்பத்தொன்பது. என் தங்கை மகள் கல்யாணத்தில் முகமெல்லாம் வியர்த்து, அழைப்பிதழால் விசிறிக்கொண்டு வெளியே போய் நின்றாள். நடிக்கிறாள் என்று பந்தியில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஒரு நாள் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டாள். தட்டைத் தள்ளினேன். இதற்கெல்லாம் ஒரு பெயர் இருந்திருக்கிறது. ஒரு தாளுக்குள் அடங்குகிற விஷயம்.
இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதவில்லை.

ஜூன் 7, சனி
தூறல். ராணி சந்தைக்கு.
பா.வுக்குக் கடிதம். என் வாழ்க்கையில் முதல் கடிதம். ஏழு வரி. வாயால் சொல்ல வராதது கையால் வந்தது. 'மன்னிப்பு' பிழையில்லாமல் வந்தது, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
சமையலறையில் கொடுத்தேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். தலைகீழாகப் பிடித்தாள்.
"என்னா இது, மருந்துத் துண்டா? ராணி வரட்டும், வாசிக்கச் சொல்றேன்."
பறித்துக்கொண்டேன்.
அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வகுப்புக்கு நான் போனேன், அவள் சமைத்தாள். எனக்கு எழுத்து வந்ததும் உலகத்துக்கே வந்துவிட்டதாக நினைப்பு.

ஜூன் 8, ஞாயிறு
மழை இல்லை. ராணி கோயிலுக்குப் போனதும் நானே வாசித்துக் காட்டினேன். எழுத்துக்கூட்டி, நிறுத்தி நிறுத்தி. கல்யாண வீடு, உப்பு, தட்டு. பா. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடிந்தது என்றேன்.

"முடியலயே" என்றாள். "பேய் புடிச்சிருக்குன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனீங்க. அந்த ஆளு வேப்பங்கொத்தால அடிச்சான். பேய் இல்ல, ஒடம்பு எரியுதுன்னு ஒங்களப் பாத்துத்தான் கத்துனேன். நீங்க வாசல்ல நின்னு, இன்னும் ரெண்டு போடுன்னீங்க. அது எங்க?"

அது இல்லை என்றேன்.

"எழுதிட்டு வாங்க. கேக்குறேன்."

கீரையைக் கழுவப் போய்விட்டாள். அழவில்லை, கோபமும் இல்லை. பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். 'இன்னும்' எழுதிவிட்டேன். அடுத்தது 'இரண்டு' என்று எழுத வேண்டும் என்பார் வகுப்பு ஆசிரியை. நான் சொன்னது ரெண்டு.