குப்பை என்று குறித்த சத்தம்

08.10 – நிலவின் மறுபக்கம், ரேடியோ தொலைநோக்கி நிலையம்

இதை யார் கண்டெடுத்துப் படித்தாலும் சரி, நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். என் பெயர் இன்பவல்லி. ஒன்பதாம் வகுப்பு. அம்மா இங்கே பொறியாளர். நிலையத்தில் இப்போது அம்மா, நான், மின்சாரம் பார்க்கும் ஞானமுத்து மாமா ஆகிய மூன்று பேர்தான்.

பூமியின் ரேடியோ இரைச்சல் எட்டாத இடம் இது. முதல் நட்சத்திரம் பிறப்பதற்கு முன்பு ஹைட்ரஜன் விட்ட மெல்லிய அலையைப் பிடிக்க, தரையெங்கும் வரிசை வரிசையாக ஆன்டெனா விரித்திருக்கிறார்கள். அதனால் இங்கே யாரும் ரேடியோவில் பேசக் கூடாது. வெளியே போகிறவர்கள் வரிசைக்கு ஒன்றாக நட்டிருக்கும் கம்பத்தில் ஒயரைச் செருகித்தான் போன் பேச வேண்டும்.

எங்கள் நிலையத்துக் கருவிகளே கிளப்பும் உள்ளூர் இரைச்சலைக் 'குப்பை' என்று குறித்து நீக்குவது என் பள்ளித் திட்டப்பணி. இருபத்திரண்டாம் வரிசையில் கேபிள் அறுந்திருக்கிறது. சரிசெய்ய அம்மா வண்டியில் கிளம்பிவிட்டாள்.

10.40

ஆன்டெனாக்கள் பிடித்ததைக் காட்டும் வரைபடம் பாழ். மூன்று சின்னக் கோடுகள், ஒரு இடைவெளி, மறுபடி மூன்று. மின் அறைக்குப் போன் செய்தேன்.

"மாமா, கெட்டிலைப் போட்டீங்களா?"

"உன் ஹைட்ரஜனுக்காக டீ குடிச்சே மூணு நாளாச்சுட்டி. என்னைய ஏன் பிடிச்சு உலுக்குத?"

நான் நம்பவில்லை. போன மாதம் அவருடைய சவர மெஷினால் ஒரு நாள் அளவு முழுவதும் வீணானது.

11.30

கோடுகள் நிற்கவில்லை. எரிச்சலில், குப்பையை நீக்கும் வடிகட்டிப் பெட்டியை இறுக்கிவிட்டேன். இனி அந்தக் கோடு வந்தால் அதிலுள்ள நிரலே தள்ளிவிடும். வரைபடம் இப்போது சுத்தமாக இருக்கிறது.

13.15

அம்மா மதியம் பேசுவதாகச் சொல்லியிருந்தாள். பேசவில்லை.

"எக்கா வேலைல இறங்கிட்டா சோத்தையே மறந்துருவா. கேபிள் அறுந்த வரிசையில போனும் செத்துத்தான கெடக்கும்" என்றார் மாமா. அம்மாவை அவர் எக்கா என்றுதான் கூப்பிடுவார்.

சரியென்றுதான் பட்டது. ஆனால் வண்டி கவிழ்ந்தால் அதன் அவசர ரேடியோ தானாகவே மூன்று மூன்றாகத் துடிக்கும். பாதுகாப்புக் கையேட்டில் இருக்கிறது. அதை நான் இரண்டு முறை படித்திருக்கிறேன். படித்துவிட்டுக் கெட்டிலைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

13.40

வடிகட்டியை நிறுத்த முடியவில்லை. "இயக்குநரின் அனுமதிக் குறியீட்டை உள்ளிடவும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. அது எங்கள் இருவரிடமும் இல்லை. இறுக்குவதற்கு மட்டும் என் அனுமதி போதுமாம். பக்கத்து முகாமுக்குக் கேபிள் வழியாகச் செய்தி அனுப்பினேன். "மீட்பு வண்டி நாளைக் காலைதான் வந்து சேரும்" என்று பதில் வந்தது. அம்மாவின் உடுப்பில் காற்று மாலை ஆறரை வரைதான்.

மாமா கட்டிங் பிளேயரோடு வந்து வடிகட்டிப் பெட்டிக்கு மின்சாரம் போகும் ஒயரை வெட்டினார். கோடுகள் திரும்ப வந்தன. இருபத்திரண்டாம் வரிசைக்கு அப்பால்தான் பலமாகக் கேட்கிறது. மாமா இரண்டாவது வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

16.10

இருபத்தோராம் வரிசைக் கம்பத்திலிருந்து மாமா பேசினார்.

"இன்பா, வண்டி பள்ளத்துல கவுந்து கெடக்கு. எக்கா உள்ள இல்ல. காலடித்தடம் பாறை வரைக்கும் போவுது, அதுக்கு மேல தெரியல. வண்டி ரேடியோவ அணைச்சுட்டேன், இனி அது குறுக்க வராது. அவ உடுப்புல பீக்கன் இருக்குமே, கேக்குதா?"

கேட்கவில்லை. ஆள் இருக்கும் இடத்தைக் காட்டும் சின்ன ரேடியோதான் உடுப்பின் பீக்கன்; அதன் துடிப்பு கொசுச் சத்தம் மாதிரி. எங்கள் நிலையத்தின் சொந்த இரைச்சலே அதை மூடிவிடுகிறது. பிரபஞ்சத்தின் தொடக்கத்தைக் கேட்கக் கட்டிய கருவி இது. பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அம்மாவைக் கேட்க மாட்டேன் என்கிறது.

16.55

குளிர்பெட்டியை அணைத்தேன். ஹெட்போனில் கேட்டேன். இல்லை. தண்ணீர்ப் பம்பு. இல்லை. ஹீட்டர். இல்லை. கை விறைக்கிறது, எழுத்து கோணலாக வருகிறது.

"எந்தப் பக்கமுன்னு மட்டும் சொல்லுட்டி. நான் ஓடிருதேன்."

"தெரியல மாமா."

"தெரியலன்னா இன்னொன்ன அணைச்சுட்டுச் சொல்லு. கோவப்பட்டு எதையும் உடைச்சு வைக்காத."

ஏற்கெனவே ஒரு நாற்காலியை உதைத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

17.35

காற்றுச் சுத்திகரிப்பு விசிறியையும் நிறுத்திவிட்டேன். உள்ளே இருக்கும் காற்று ஒரு மணி நேரம் தாங்கும் என்றார் மாமா. இரைச்சலுக்கு அடியில் ஏதோ இருக்கிறது. இருக்கிறது. ஆனால் கிழக்கா மேற்கா என்று பிரிக்க முடியவில்லை.

"தடம் நின்ன எடத்துக்குக் கெழக்க பாறைக்கூட்டம், மேக்க இன்னொரு பள்ளம். ரெண்டையும் பாக்க நேரம் இல்ல இன்பா."

17.50

ஒவ்வொரு மின்சுற்றாகச் சோதித்துவிட்டேன். மிச்சமுள்ள இரைச்சல் இந்த அறையின் விளக்குகளுடையது. நிலையம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது, சன்னல் கிடையாது. அணைத்த பிறகு எழுத வராது. அதனால் முன்கூட்டியே எழுதி வைக்கிறேன்.

ஒரு காதில் ஹெட்போன், இன்னொரு காதில் மாமாவின் போன். ஆன்டெனா மாற்றும் குமிழைக் கண்ணை மூடித் தடவிப் பழகிக்கொண்டேன். இடப்பக்கம் திருப்பினால் கிழக்கு ஆன்டெனாக்கள், வலப்பக்கம் திருப்பினால் மேற்கு. கேட்டால் உடனே சொல்வேன். கேட்காவிட்டால் எந்தப் பக்கம் என்று சொல்வது? மாமா அதைக் கேட்கவில்லை.

17.52 – விளக்குகளை அணைக்கிறேன்.