உளியில் ஏறும் நிறம்

ஜூலை 3, வியாழன்
காற்று பலம். பட்டறை முழுக்கத் தூசி. இளையரசனேந்தலிலிருந்து மாரியப்பன் வந்தான். கிணறு வெட்டுகிறவன். போன வாரம் அடித்துக் கொடுத்த உளிகள், பாறையில் பட்டதும் முனை மடங்கிவிட்டனவாம். இரும்பு சரியில்லை என்றேன். லாரி ஸ்பிரிங் பட்டையிலும் இப்போது கலப்படம். அவன் டீ குடித்துவிட்டுப் போனான்.
வாங்க: கரி, உப்புத்தாள், சர்க்கரை மாத்திரை.

ஜூலை 5, சனி
புதுப் பட்டை. அடித்து, பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கியாச்சு. நல்ல கெட்டி. அப்படியே கொடுத்தால் தெறித்துவிடும். உப்புத்தாளில் தேய்த்து மறுபடி லேசாகச் சூடு காட்டணும். முனையில் நிறம் ஏறும். முதலில் வைக்கோல், அப்புறம் தவிடு, கத்தரிப்பூ, கடைசியில் நீலம். கல் உளிக்கு வைக்கோலிலேயே நிறுத்தணும். நீலம் வரை விட்டால் இளகிப்போகும். கல்யாணத்துக்கு முந்தியே கை பழகின வேலை.
வீட்டுக்காரி மல்லிகா துவைத்த வேட்டி மஞ்சள். சோப்பை மாற்று என்றேன். வெள்ளையாகத்தானே இருக்கிறது என்கிறாள். சண்டை. மத்தியானம் பேச்சில்லை.

ஜூலை 8, செவ்வாய்
மாரியப்பன் மறுபடி. புது உளியிலும் அதே மடங்கல். பனவடலிசத்திரத்துக் கிணறு வெட்டுகிற ஆட்கள் வருவதே நின்றுவிட்டது. இவனும் போனால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். பயமாக இருக்கிறது. பட்டை விற்ற லாரிக்காரனைப் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

ஜூலை 9, புதன்
மல்லிகா காப்பியோடு வந்தாள். உளியில் அப்போதுதான் வைக்கோல் நிறம் ஏறுகிற மாதிரி இருந்தது. எடுத்துத் தண்ணீரில் விட்டேன். எட்டிப் பார்த்தாள்.
"ஏங்க, நீலம் நல்லாருக்கே. மயில் கழுத்து மாதிரி."
விளையாடாதே என்றேன். வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். எனக்கு மங்கலாக ஒரு பழுப்பு. அவ்வளவுதான். வேட்டி ஞாபகம் வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காப்பி ஆறிப்போச்சு.

ஜூலை 11, வெள்ளி
திருநெல்வேலி, கண் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் நல்லவேளை உட்கார இடம். இரண்டு கண்ணிலும் புரை. லென்ஸ் மஞ்சள் பாய்ந்திருக்கிறதாம். டாக்டரம்மா சின்னப் பெண், பொறுமையாகச் சொன்னாள். மஞ்சள் கண்ணாடி போட்டுப் பார்க்கிற கணக்கு, இளமஞ்சள் பிடிபடாது. ஆக, நான் வைக்கோலுக்குக் காத்திருந்த நேரத்தில் இரும்பு நீலத்துக்கே போயிருக்கிறது. பாவம் லாரிக்காரன்.
ஆபரேஷன் பண்ணணுமாம். என்னைக் கேட்காமலே மல்லிகா தேதி வாங்கிவிட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்
வலது கண் முடிந்தது. வலி இல்லை. கறுப்புக் கண்ணாடி. அனல் ஆகாது, தூசி ஆகாது. பட்டறைச் சாவி மல்லிகாவின் இடுப்பில்.

ஜூலை 24, வியாழன்
கெஞ்சிக் கூத்தாடிச் சாவி வாங்கினேன். வாசலோடு சரி என்ற கண்டிஷன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, இடக் கண்ணை மூடிப் பார்த்தேன். கொடுக்க வைத்திருந்த உளி அத்தனையும் நீலம். வெட்கமாகப் போச்சு.
மாரியப்பனுக்குப் போன். குத்தம் இரும்பில் இல்லை வே, என் கண்ணில் என்றேன்.
"தெரியும் அண்ணாச்சி. கையில வாங்கும்போதே நீலமாத்தான இருந்துச்சு."
தெரிந்தும் ஏன் வேறு பட்டறைக்குப் போகவில்லை என்று கேட்டேன்.
"நானும் போயிட்டா கண்ணக் காட்டவே மாட்டியளே. சொன்னா சண்டைக்கு வருவிய. அதான் மடங்கினத மடங்கினத கொண்டாந்து காட்டுனேன்."
போனை மல்லிகாவிடம் கொடுத்துவிட்டேன்.