ஸ்கூட்டி பழுதில்லை

இன்று ஸ்கூட்டியின் இருக்கையைத் தூக்கினேன். மழைக்கோட்டுக்குக் கீழே உன் தேசிக்காய் கிடந்தது. எலுமிச்சையென்று சொல்லமுடியாதபடி கறுத்துக் காய்ந்து பாக்குப் போல இறுகியிருந்தது. நகத்தால் கீறினேன். மணம் வருமென்று நினைக்கவில்லை. வந்தது. கை நடுங்கத் தொடங்கியது. இருக்கையை அடித்து மூடிவிட்டு அறைக்குள் வந்து இதை எழுதுகிறேன்.

நடுக்கத்தை உன்னிடம் மட்டும்தான் மறைக்கத் தேவையில்லை. மற்ற எல்லோரிடமும் மறைக்கிறேன்.

பயந்து வருகிறவர்களை மூச்சை எண்ணச் சொல்லும்படி உளவளத்துணைப் பயிற்சியில் நமக்குப் படிப்பித்தார்கள். நீ தேசிக்காயைக் கையில் கொடுத்தாய். "எண்ணச் சொன்னா பள்ளிக்கூடம் மாதிரிக் கிடக்குமடி. உதைக் கீறி மணக்கட்டும். மூக்கு இஞ்சை நிண்டா ஆளும் இஞ்சை நிக்கும்" என்பாய். நான் சிரித்தேன். பிறகு நானும் கொடுத்தேன்.

நீர்வேலியில் அந்த வீடு ஞாபகமிருக்கிறதா? வாழைத்தோட்டத்துக்கு நடுவில், வெளியே வரவே மறுத்த ஒரு பெட்டைப்பிள்ளை. நீ பையிலிருந்து தேசிக்காயை எடுத்ததும் தாய் எழும்பிவிட்டார்.

"பிள்ளையள், நாங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆக்கள். செய்வினை கழிக்கிறது, காய் வெட்டுறது உதெல்லாம் எங்கடை வீட்டிலை வேண்டாம்."

நான் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். நீ அசையவில்லை. "வெட்டத்தான் போறன் அன்ரி. ஒரு கத்தியும் கொஞ்சம் சீனியும் தாங்கோ. வெயிலுக்கை வந்தனாங்கள், தண்ணி விடாய்க்குது."

உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அந்தப் பெட்டை கனநாளுக்குப் பிறகு சிரித்தது அதுதான் என்று தாய் சொன்னார். திரும்பி வரும்போது நீ என் பின்னால் இருந்து கத்திக்கொண்டே வந்தாய்: "செய்வினை எண்டா ஊரறியக் கார் பிடிச்சுப் போவினம். மனசு சரியில்லை எண்டா மட்டும் குடையாலை முகத்தை மறைச்சுக்கொண்டு வருவினம்!"

இப்போதும் அப்படித்தான் வருகிறார்கள். ஆஸ்பத்திரியின் பின்வாசலால் வந்து, யாராவது கண்டால் "பிரஷர் பாக்க வந்தனான்" என்கிறார்கள். முன்பு அவர்கள்மேல் கோபம் வரும். இப்போது அந்தக் கோபத்துக்கு எனக்குத் தகுதியில்லை.

உன்னை அடித்தது மணல் ஏற்றிய டிப்பர். பகல் வெளிச்சத்தில், வீதியில் உன் பக்கமாகவே நீ போய்க்கொண்டிருந்தபோது. அது அடுத்த நாளும் மணல் ஏற்றியிருக்கும். உன் செத்தவீட்டில் ஒருவர் "பொம்பிளைப் பிள்ளையள் உந்த ரோட்டிலை ஏன் தனியப் போறது?" என்றார். டிப்பரைப் பற்றி அவருக்கு ஒரு கேள்வியும் இருக்கவில்லை. நான் அழுதபோது இன்னொருவர் என் தோளில் தட்டினார்: "நீர் உதுக்கெண்டே படிச்சனீர். நீரே உடைஞ்சால் எப்பிடி?" உடனே கண்ணைத் துடைத்தேன். அதை நினைக்க இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அழக்கூடாதென்று ஒருவருக்கும் சொல்லாதே என்றுதானே நமக்குப் படிப்பித்தார்கள்?

அதற்குப் பிறகு நான் ஸ்கூட்டியில் ஏறவில்லை. பலாலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே பின்னால் கனமான வாகனம் வந்தால் நெஞ்சு அடிக்கிறது, விரல் விறைக்கிறது, செத்துவிடப் போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிகிறது. அதற்குப் பெயர் தெரியும். பெயர் தெரிவதால் ஒன்றும் குறையவில்லை. யாரும் கேட்டால் "ஸ்கூட்டி பழுது" என்கிறேன். உண்மை தெரிந்தால் "உவவுக்கே விசர், மண்டை பிழை, உவ என்னத்தை எங்களுக்குச் சொல்லுறது?" என்பார்கள். பிறகு குடையோடும் ஒருவரும் வரமாட்டார்கள். இந்த வேலை போனால் நான் என்ன செய்வேன்?

நேற்று ஒரு அண்ணை வந்தார். வடகரையில் கடல்தொழில் செய்கிறவர். அவர் பெயரை உனக்கும் சொல்லமாட்டேன். இருட்டில் ஒரு பெரிய இழுவைப்படகு அவருடைய வள்ளத்தை உரசிக்கொண்டு போயிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை.

"வீட்டிலை என்ன சொல்லியிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"எஞ்சின் பழுது எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன், தங்கச்சி."

எனக்கு முகம் சுட்டது. அவர் கண்டுவிட்டார். கடலைப் பார்த்துப் பழகிய கண்.

"உங்களுக்குப் பயம் ஒண்டும் வாறேல்லையோ? படிச்ச ஆக்களுக்கு வராதாக்கும்."

உங்கள் கதையை அறைக்குள் கொண்டுவராதீர்கள் என்பது நம் பாடம். நீயும் நானும் அதைப் பாடமாக்கினோம். ஆனால் நான் "இல்லை" என்று சொல்லியிருந்தால், அந்த மனிதர் எழும்பிப் போய் இன்னும் பத்து வருடத்துக்கு எஞ்சின் பழுது என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

"என்ரை ஸ்கூட்டியும் பழுது அண்ணை" என்றேன். "ஆனா அது பழுதில்லை."

 அவர் பெரிதாகச் சிரித்தார். "அப்ப ரெண்டு பேரும் நல்ல பொய்க்காரர்!" வாசலில் நின்று திரும்பினார். "நான் வள்ளத்திலை ஏறிச் சும்மா இருந்து பாக்கிறன், கரையிலைதான். நீங்களும் சீற்றிலை ஏறி இருந்து பாருங்கோ. ஸ்டார்ட் பண்ண வேண்டாம்."

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. அவர் இதை ஊரில் சொல்லலாம். திரும்பி வராமலும் விடலாம். ஆனால் அவர் சொன்னதற்காகத்தான் இன்று ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் போனேன். இருக்கையைத் தூக்குவதற்கு மேல் என்னால் முடியவில்லை.

நான் அதை அடித்து மூடிய சத்தத்துக்கு வீட்டுக்கார அன்ரி யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, இன்னும் உதைத் திருத்தக் கராச்சுக்குக் குடுக்கேல்லையோ?"

நாக்கு நுனியில் பொய் தயாராக இருந்தது. கையில் தேசிக்காய்.

"பழுதில்லை அன்ரி. ஓடப் பயமாக் கிடக்கு."

 அவர் யன்னலைச் சாத்தினார். நாளைக்கு இந்த ஒழுங்கை வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக்கும் நான் அந்தப் பஸ்தரிப்பில் நிற்கவேண்டும், அந்த அறையில் இருக்கவேண்டும்.

தேசிக்காயைக் கைப்பைக்குள் போட்டிருக்கிறேன். நகத்துக்குள் இன்னும் மணக்கிறது. கை நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் மூக்கு இங்கேதான் நிற்கிறது.