தகர டிரம்முக்குள் வைஃபை

திருக்காட்டுப்பள்ளி
4.11.2024

அன்புத் தம்பி இனியவனுக்கு,

இங்கே நான் சுகம். சம்பா நடவு முடிந்தது. நீ வேலைக்குக் கோவை போனதிலிருந்து, ஞாயிறு காலையில் விவசாயிகளுக்கு நீ நெட்டில் பதில் சொல்லும் நேரலைதான் எனக்குத் திருவிழா. என்ன புண்ணியம்? டிவியில் வாயைத் திறக்கிறாய், அப்படியே உறைந்து நிற்கிறாய். புகையான் பூச்சிக்கு நீ சொன்ன மருந்து தெருவுக்கே தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை.

அம்மா போன பிறகு உன் உதட்டைப் பார்த்துப் பார்த்துத்தானடா உன்னை வளர்த்தேன். காது கேளாத எனக்கு உன் குரல் அங்கேதான் இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் அழுகை வருகிறது. மெசேஜில் ‘ம்’, ‘சரி’ என்று அனுப்பாதே. கடுதாசி போடு.

உன் அக்கா
அம்சவல்லி

கோயம்புத்தூர்
9.11.2024

என் அக்காவுக்கு,

அழாதே. நம் ஊர் லைன் மெதுவானது, அதற்குத் தக்கபடி படத்தைக் குறைக்க வேண்டும். டிவியில் குவாலிட்டி என்று இருக்கும், அதை 480 ஆக வை. முகம் கொஞ்சம் மங்கும், ஆனால் நிற்காது. உதடு ஓடிக்கொண்டிருந்தால் உனக்குப் போதாதா? வைஃபை பெட்டியை எங்கே வைத்திருக்கிறாய்? டிவி பக்கத்தில், உயரத்தில், திறந்தாற்போல் இருக்கட்டும்.

நான் வணக்கம் சொன்னதும் டிவியை அணைத்துவிடாதே. கடைசி வரை பார்.

இனியவன்

திருக்காட்டுப்பள்ளி
18.11.2024

தம்பி,

சிரிக்காதே. பெட்டியை விதைநெல் வைக்கும் தகர டிரம்முக்குள் வைத்திருந்தேன், மூடியும் போட்டு. எலி ஒயரைக் கடித்துவிடுமே! இப்போது ஜன்னலுக்கு மேலே ஏற்றிவிட்டேன். 480-உம் வைத்தாயிற்று.

அப்படியும் நேற்று நின்று நின்றுதான் வந்தாய். பக்கத்து வீட்டு வைரக்கண்ணு வந்து, “ஏன்க்கா, உங்க வைஃபை இப்படி இழுக்குது?” என்று என்னிடமே குறை சொல்கிறாள்! அப்போதுதான் உறைத்தது. என் தம்பி பேசுகிறான், பாருங்கள் என்று பெருமையில் தெருவுக்கே பாஸ்வேர்டு கொடுத்தவள் நான்தான். ஆளுக்கொரு போனில் உன்னைத்தான் பார்த்திருக்கிறார்கள். “அடுத்த வாரம் போனை எல்லாம் அணைச்சுட்டு எங்க வீட்டுக்கு வாங்க” என்று சொல்லிவிட்டேன்.

அம்சவல்லி

திருக்காட்டுப்பள்ளி
25.11.2024

என் தங்கமே,

கூடம் நிறைய ஆள். நேற்று நீ ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. சொன்னது அத்தனையும் எனக்குப் புரிந்தது. இளைத்திருக்கிறாய், அதுவும் தெரிந்தது.

வணக்கம் சொல்லி முடித்தாய். எல்லாரும் பாயைச் சுருட்டினார்கள். படம் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது. “வாய் அசையுது, சத்தத்தைக் காணோம். மறுபடி மக்கர் பண்ணுதுக்கா,” என்றாள் வைரக்கண்ணு. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உன் உதட்டைப் பார்த்தேன்.

“அக்கா, சாப்ட்டியா?”

இதை ஒவ்வொரு வாரமும் கேட்டுக்கொண்டிருந்தாயாடா? பதில் சொல்லாமல் இத்தனை நாள் இருந்துவிட்டேனே.

சாப்பிட்டேன்டா.

அக்கா