வளைந்த கத்தரிக்காய்

என் அன்பு இல்லாளுக்கு,

நான் சுகம், நின்று நின்று கால் மரத்துப்போவதோடு சரி. உன் முட்டிவலி தேவலையா?

கம்பெனிக் கிடங்கில் காய்களைத் தரம் பிரிக்கிறேன். ஜனங்கள் இப்போது பளபளப்பையும் வடிவையும் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அதனால் வளைந்ததையெல்லாம் கழித்துவிட வேண்டும். நேற்று ஒரு விவசாயியின் கூடை முழுவதும் போயிற்று. "பெரியவரே, கத்தரிக்கா எடுக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழித்ததில் கொஞ்சம் எடுத்துவந்து சமைத்தேன். நம் தோட்டத்துக் காயின் அதே வளைவு, அதே ருசி. உப்புதான் கூடிவிட்டது, நீ எவ்வளவு போடுவாய் என்று எழுது.

கம்பெனி வண்டி அங்கேயும் வருகிறது, தோட்டத்துக் காயைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். என் யோசனை தப்பாகவும் இருக்கலாம். ஆனாலும் வேண்டாம், தெருவிலேயே விற்றுவிடு. வண்டியில் ஏற்றிவிட்டால், இங்கே அதைக் கழிக்கப்போவது நான்தான்.

மணி அடித்துவிட்டார்கள், போகிறேன்.

உன் வீட்டுக்காரன்