சைலன்சரில் போட்ட துளை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பேத்தி எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். சமைக்கப் பழகிவிட்டேன், உப்பு மட்டும் இன்னும் என் சொல் கேட்பதில்லை. குளியலறைக் குழாயை நேற்று மாற்றியாயிற்று. நாள் முழுக்கச் சொட்டுகிறது என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அம்மாவை அடக்கம் செய்த மறுநாள், காரில் ஏறும் முன் நீ என்னிடம் ஏதோ கேட்டாய். நான் "சரிம்மா, நல்லா இரு" என்றேன். நீ திரும்பிப் பார்க்காமல் போனாய். இரண்டு மாதமாகப் பேச்சில்லை. போன வாரம், அன்று காருக்குப் பக்கத்தில் நின்றிருந்த தையல்காரம்மாவிடம் ஒரு தாளை நீட்டி, அன்றைக்கு நீ கேட்டதை எழுதித் தரச் சொன்னேன். "அம்மா அரை மணி நேரமா கூப்பிட்டிருக்காங்க. வாசல்லயே உட்கார்ந்துக்கிட்டு ஏம்பா போகல?" என்று எழுதினார்.

இதற்குத்தான் சரிம்மா என்றிருக்கிறேன்.

எனக்குக் காது கேட்காது, மகளே. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இப்போது அறவே இல்லை. தையல்காரம்மாவுக்கும் அன்றுதான் தெரியும். தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார்.

உன் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம், என்னோடு மரம் அறுத்தவர்கள் புது மிஷின் ரம்பம் வாங்கினார்கள். பருத்த மரத்தில் என் ரம்பம் திணறும்போது, கிழவனுக்கேற்ற கிழட்டு மிஷின் என்று சிரித்தார்கள். எனக்கு வீம்பு. சைலன்சரைக் கழற்றி, உள்ளேயிருந்த தடுப்புத் தகட்டையும் வலையையும் பிடுங்கிப் போட்டேன். பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு இன்னொரு துளை போட்டு, அதற்கேற்ப பெட்ரோல் கூடுதலாகப் போகும்படி கார்புரேட்டர் திருகைத் தளர்த்தினேன். புகை தாராளமாக வெளியேறியது, இழுவை கூடியது. ஒரு மணி நேர மரம் முக்கால் மணியில் சாய்ந்தது. சிரித்தவர்கள் வந்து என் மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நான் பூரித்துப் போனேன்.

சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. காதுக்கு ஏதாவது மாட்டிக்கொள்ளச் சொல்லி அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். சாயங்காலம் வீடு வந்தால் காதுக்குள் வண்டு சுற்றும். நாளடைவில் அந்த வண்டு மட்டும்தான் கேட்டது. வெளியே தெரிந்தால் வேலைக்கு மரத்தடியில் நிற்க விட மாட்டார்கள் என்று மறைத்தேன். உனக்கும் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன். நீ போன் செய்யும்போது அவள் என் முழங்கையைத் தட்டுவாள். ஒரு தட்டுக்குச் சரிம்மா, இரண்டு தட்டுக்கு நல்லா இரு. "என்னிடம் பேச அப்பாவுக்கு இரண்டு வார்த்தைதான் இருக்கிறது" என்று நீ குறைப்பட்டதை அவள் ஒருமுறை எழுதிக் காட்டினாள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று வாசலில் உட்கார்ந்து ரம்பச் சங்கிலிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தாள். தையல்காரம்மா வேலியைத் தாண்டி ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கும்வரை எனக்கு எதுவும் தெரியாது. எனக்குக் கேட்காது என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஒருத்தி, என்னையே கூப்பிட்டிருக்கிறாள். அதை நினைக்கும்போதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஏதோ சொன்னாள். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாட்டியிருந்ததால் உதடு எனக்குத் தெரியவில்லை. தலையைத் தலையை ஆட்டினேன். நீ அவள் முகத்தருகே குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாய். என்ன சொன்னாள் என்று எழுது, கண்ணு. திட்டியிருந்தாலும் ஒரு எழுத்து விடாமல் எழுது.

பேத்தியின் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள். நீங்கள் எல்லோரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

உன் அப்பா